வெள்ளிக்கிழமை வயிற்றுவலி

பள்ளி விடுதி,
கொடைக்கானல்.
26.8.1979

மதிப்பிற்குரிய சூசையம்மாள் அவர்களுக்கு,

கணக்கு டீச்சர் இசபெல்லா எழுதுகிறேன். உறையில் என் பெயரைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறீர்கள் என்றால் அதற்கே நன்றி சொல்ல வேண்டும். பாச்சலூரில் உங்கள் தம்பி வீட்டு விலாசத்தை விடுதி வாட்ச்மேனிடம் வாங்கினேன்.

சுற்றி வளைக்கவில்லை. எனக்கு வயிற்றுவலி திரும்பவும் வந்துவிட்டது.

மார்ச் மாதம் நான் நிர்வாகத்துக்குக் கொடுத்த புகாரில் என்ன எழுதினேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாத்திரங்கள் சரியாகக் கழுவப்படுவதில்லை, முதல் நாள் பருப்பை மறுநாள் பருப்போடு கலக்கிறார்கள், அதனால்தான் எனக்கு வயிறு கெடுகிறது என்று எழுதினேன். எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. வலி வந்தது, சாப்பாடு உங்கள் கையால் வந்தது, இரண்டையும் கூட்டி விடை போட்டுவிட்டேன். நீங்கள் போன பிறகு ஏப்ரல் முதல் ஜூலை முடிய ஒரு நாள்கூட வலி இல்லை. ஆகவே என் விடை சரி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குப் பிறகு ஆறு தடவை வந்துவிட்டது. அதே வலி. வயிறு பானைபோல் உப்புகிறது, தொப்புளைச் சுற்றிப் பிசைகிறது, பிறகு இரண்டு மூன்று முறை வெளியே ஓட வேண்டியிருக்கிறது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சிவபாக்கியம் பாத்திரங்களை வெந்நீர் ஊற்றிக் கழுவுவதை நானே போய்ப் பார்த்தேன். பருப்பைத் தினமும் புதிதாகத்தான் வேகவைக்கிறாள். ஆக, நான் புகாரில் எழுதிய காரணம் எதுவும் இப்போது இல்லை. வலி மட்டும் இருக்கிறது.

உங்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, உதவி கேட்க வேண்டுமா என்று தெரியவில்லை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நான் என்னென்ன சாப்பிட்டேன் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதைச் சொல்வீர்களா?

இப்படிக்கு,
இசபெல்லா


பாச்சலூர்.
4.9.79

இசபெல்லா டீச்சருக்கு சூசையம்மாள் எழுதுவது.

நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நலமில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பதினோரு வருஷம் ‘சூசையம்மா, இன்னும் கொஞ்சம் ரசம்’ என்று கேட்டீர்கள். இப்போது நான் மதிப்பிற்குரியவள் ஆகிவிட்டேன். இந்த மதிப்பை மார்ச் மாதம் கொடுத்திருந்தால் எனக்குப் பிரயோசனமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ரூமில் படுத்திருந்தீர்கள். நான் சொல்கிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அடைக்கலமேரி சிஸ்டர் அடுப்படிக்கு வந்து பிள்ளைகள் முன்னாலேயே ஸ்டோர் சாவியைக் கேட்டார்கள். உலையில் அரிசி போட்டிருந்தேன். “சோறு வடிச்சிட்டுத் தாரேன் சிஸ்டர்” என்றேன். “வேண்டாம், வேற ஆள் வடிப்பாங்க” என்றார்கள். அரைவேக்காட்டுச் சோற்றை விட்டுவிட்டு வந்தேன், டீச்சர். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அடுப்பை விட்டு நான் எழுந்ததில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதே பானையில் அறுபது பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அதில் ஒருத்திக்காவது வயிறு வலித்ததா? சமையல் அழுக்காக இருந்தால் அறுபது பேரில் இருபது பேராவது விழுந்திருக்க வேண்டாமா? நீங்கள் கணக்கு டீச்சர். நான் அஞ்சாங்கிளாஸ். இது எனக்குத் தோன்றியது, உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

இங்கே காப்பித் தோட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். பழம் பறிக்க வரும் ஆட்களுக்குத் தோட்டத்திலேயே சாப்பாடு. தொண்ணூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்த ஆள் இந்தப் பக்கம் நான் ஒருத்திதான். ஆனால் என்னைக் காய் நறுக்க மட்டும்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலில் இருந்து வந்த ஒருவர் சூப்பிரண்டிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். “சுத்தமில்லைன்னு அனுப்புன ஆளாமே” என்று சூப்பிரண்டு என் முகத்துக்கு நேராகவே கேட்டார். நான் குனிந்து காயை நறுக்கிக்கொண்டே இருந்தேன். பேசினால் அழுதிருப்பேன்.

உங்களுக்கு உதவி செய்ய எனக்கு மனசு இல்லை. அதை எழுதி இந்தத் தாளைத் தபாலில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆனாலும் கேட்கிறேன். வலி வந்த தேதிகளை எழுதி வைத்திருக்கிறீர்களா? சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து வந்தது? அன்றைக்குக் காலையிலேயே வயிறு ஒரு மாதிரி இருந்ததா, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதானா? இதெல்லாம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

சூசையம்மாள்


பள்ளி விடுதி,
கொடைக்கானல்.
12.9.1979

சூசையம்மா அக்கா,

அறுபது பிள்ளைகள் விஷயம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அரைவேக்காட்டுச் சோறு என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டியிருந்தது.

கேட்டதைச் சொல்கிறேன். வகுப்பைப் பாதியில் விட்டுப் போனால் வருகைப் பதிவேட்டில் குறிப்போம், அதிலிருந்து தேதிகளை எடுத்தேன். பிப்ரவரி 28. மார்ச் 2, 9, 16. பதினாறாம் தேதிதான் ஏழாம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எல்லாமே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நாலு மணி நேரத்தில் வந்தவை. காலையில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. அதற்கு முந்தைய வருஷம் செப்டம்பரிலும் மூன்று தேதிகள் இருக்கின்றன, ஆனால் அவை எந்த ஒழுங்கிலும் இல்லை. இந்த ஆகஸ்டில் வந்த ஆறும் அப்படியே. சில நாள் லேசாக, சில நாள் நிற்க முடியாதபடி.

டாக்டர் கஸ்பாரிடம் போனேன். மலம் பரிசோதித்தார், ரத்தம் எடுத்தார். பூச்சி இல்லை, சீதபேதி இல்லை, புண் இருப்பதற்கான அடையாளமும் இல்லை என்றார். பால் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்று இரண்டு வாரம் பாலை நிறுத்தச் சொன்னார். காப்பிகூட இல்லாமல் இருந்து பார்த்தேன், நடுவில் இரண்டு முறை வலி வந்தது. பிறகு அவர் ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டு, “தனியா இருக்கீங்க, முப்பத்தாறு வயசாச்சு, நரம்புத் தளர்ச்சியா இருக்கும். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க டீச்சர்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் மாத்திரைச் சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது ஒரு தவறு. தலைமையாசிரியை அம்மாவிடம் அவரே சொல்லிவிட்டார். கொடைக்கானல் குளிர் எனக்கு ஆகவில்லை என்று முடிவுகட்டி, ஜனவரியில் என்னைத் திண்டுக்கல் பள்ளிக்கு மாற்றப் போகிறார்கள்.

பதினான்கு வருஷம் இந்தக் குளிரில்தான் இருக்கிறேன். இது குளிரும் இல்லை, நரம்பும் இல்லை. சாப்பாட்டில் ஏதோ ஒன்று. அது என்ன என்று கண்டுபிடித்தால் நான் இங்கே இருக்கலாம், உங்கள் மேல் விழுந்த கறையும் போகும். கண்டுபிடிக்கிறோமோ இல்லையோ, புகாரை வாபஸ் வாங்கி எழுதத்தான் போகிறேன். ஆனால் ‘நான் தவறாக நினைத்துவிட்டேன்’ என்று மட்டும் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், இரக்கப்பட்டு எழுதியதாக நினைப்பார்கள். காரணத்தோடு எழுத வேண்டும்.

இசபெல்லா


பாச்சலூர்.
18.9.79

டீச்சருக்கு,

உங்கள் தேதிகளை என் தம்பி பெண்டாட்டியிடம் கொடுத்துப் பழைய காலண்டரில் பார்க்கச் சொன்னேன். அவள் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பிப்ரவரி 28 சாம்பல் புதன். மற்ற மூன்றும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள். மாதா கோவிலுக்குத் தவறாமல் போகிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாமல் போயிற்றா?

அந்த நாட்களில் கறி, மீன் கிடையாது. நான் என்ன சமைத்தேன் என்று எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். சோறு, பூண்டும் மொச்சையும் போட்ட புளிக்குழம்பு, உருளைக்கிழங்குப் பொரியல், மோர். காரணமும் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் படிக்கிற பிள்ளையின் அப்பா பழனிமுத்து, மேல்மலையில் பூண்டு போடுகிறவர், வருஷத்துக்கு இரண்டு வெள்ளாமையிலும் விரிந்துபோன பூண்டை மூட்டையாகக் கட்டி விடுதிக்குக் கொடுத்துவிடுவார். மாசி பங்குனியில் ஒன்று, ஆவணி புரட்டாசியில் ஒன்று. விரிந்த பூண்டு தாங்காது, சீக்கிரம் செலவழிக்க வேண்டும்.

ஆக, சந்தேகம் நாலு பேர் மேல். மொச்சை, உருளைக்கிழங்கு, பூண்டு, மோர். என்னைக் கேட்டால் மொச்சைதான். தோலோடு கிடக்கும், வாய்வு. நான் நிச்சயமாகச் சொல்கிறேன்.

ஆனாலும் நிச்சயத்தை வைத்துத்தான் என்னை வெளியே அனுப்பினீர்கள், அதனால் பரீட்சை செய்துவிடுவோம். விடுதிச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு இதைச் செய்ய முடியாது. நீங்களே பொங்குங்கள். முதல் பத்து நாள் சோற்றுக் கஞ்சி, பாசிப்பருப்பு, கேரட், உப்பு, சீரகம். வேறு எதுவும் வேண்டாம். வெங்காயமும் வேண்டாம். வயிறு அடங்கியதும் ஒரு பொருளைச் சேர்த்து மூன்று நாள் பாருங்கள். ஒன்றும் செய்யவில்லையென்றால் அதை விட்டுவிட்டு இரண்டு நாள் கஞ்சி, பிறகு அடுத்தது. இரண்டை ஒன்றாகச் சேர்த்துவிட்டு எது என்று தெரியவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள். டாக்டரிடம் போவதையும் நிறுத்தாதீர்கள், மெலிந்துபோனால் அவரிடம்தான் காட்ட வேண்டும்.

உங்களுக்கு அடுப்புப் பற்ற வைக்கத் தெரியுமா?

சூசையம்மாள்


நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
21.10.1979

அன்புள்ள சூசையம்மா அக்கா,

மேலே விலாசம் மாறியிருப்பதைப் பாருங்கள். நாயுடுபுரத்தில் ஒரு அறையும் சமையலுக்கு ஒரு மூலையும் வாடகைக்கு எடுத்துவிட்டேன். மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கினேன். முதல் நாள் கஞ்சி அடிப்பிடித்தது, இரண்டாம் நாள் உப்பு மறந்தது. மூன்றாம் நாளிலிருந்து சாப்பிடும்படி இருக்கிறது. அடைக்கலமேரி சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்கிற மாதிரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போனார்.

கஞ்சி குடித்த பத்து நாளும் என் வயிறு இருக்கும் இடமே தெரியவில்லை. அப்படி ஒரு நிம்மதியை நான் மறந்தே போயிருந்தேன்.

பிறகு நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றாக. உருளைக்கிழங்கு மூன்று நாள், ஒன்றும் இல்லை. பாலும் மோரும் மூன்று நாள், ஒன்றும் இல்லை. மொச்சையைப் பயந்துகொண்டே சாப்பிட்டேன், நீங்கள் நிச்சயம் என்று எழுதியிருந்தீர்களே. முதல் நாள் லேசாக வாய்வு, அவ்வளவுதான், வலி வரவே இல்லை.

வியாழக்கிழமை பூண்டு. நாலு பெரிய மலைப்பூண்டை உரித்து உப்பும் சீரகமும் மட்டும் சேர்த்துக் குழம்பு வைத்தேன். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டேன். நாலு மணிக்குப் பத்தாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தபோது ஆரம்பித்துவிட்டது. வகுப்புத் தலைவியிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வலியில் வியர்த்துக்கொண்டிருந்தது, அக்கா, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிடித்துவிட்டோம்.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. ஏப்ரல், மே மாதங்களில் விடுதியில் பூண்டு மூட்டை தீர்ந்திருக்கும், ரசத்தில் ஒன்றிரண்டு பல் விழுந்திருக்கும், அது என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆகஸ்டில் புது மூட்டை வந்ததும் சிவபாக்கியம் துவையல், குழம்பு என்று அள்ளிப் போட்டிருக்கிறாள். அளவு கூடினால்தான் வலி. அதனால்தான் ஒரு நாள் இருந்து ஒரு நாள் இல்லாமல் என்னை ஏமாற்றியது.

ஒன்றை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். எனக்கு வலி வந்த ஒவ்வொரு நாளும் நீங்கள் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுப்பீர்கள். பத்துப் பல் பூண்டைப் பாலில் வேகவைத்து மசித்தது. “குடிங்க டீச்சர், வயித்துக்கு இதவிட மருந்து கெடையாது” என்பீர்கள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். சாயங்காலம் வந்த வலி மறுநாள் முழுக்கத் தொடர்ந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது.

இதைக் குற்றமாக எழுதவில்லை. உங்கள் பட்டியலில் அது இல்லையே என்றுதான்.

இசபெல்லா


பாச்சலூர்.
30.10.79

டீச்சருக்கு,

பட்டியலில் அது இல்லாதது மறதியால் இல்லை.

பூண்டு என்று எழுதும்போதே எனக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்துவிட்டது. எழுதாமல் விட்டேன். அதனால்தான் மொச்சை, மொச்சை என்று அழுத்தி எழுதினேன். மொச்சையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். என் புருஷன் இருந்தவரைக்கும் அவருக்கு வயிறு சரியில்லையென்றால் அதுதான் கொடுப்பேன், கேட்கும். என் தம்பி பிள்ளைகளுக்குக் கேட்கும். விடுதியில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்கும் என்றுதான் மற்ற வேலையை எல்லாம் போட்டுவிட்டு உரித்து உரித்துக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். நீங்கள் பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதினீர்கள். நான் தெரிந்ததைத் தெரியாத மாதிரி விட்டேன். இதில் யாருக்கு யார் பெரியவர் என்று எடைபோட்டுக்கொண்டிருந்தால் ஆகாது. சோலியைப் பார்ப்போம்.

உங்கள் சந்தோஷத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். டாக்டர் என்ன சொல்வார்? ‘பூண்டு என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டீர்கள், மனசு வலியைக் கொண்டுவந்தது’ என்பார். எனக்கே அந்தச் சந்தேகம் வரும். என் மாமியாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, ஆனால் தெரியாமல் போட்டால் ஒன்றும் செய்யாது. ஆகவே உங்களுக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும். பூண்டு வாசத்தை மறைக்க முடியாது. எனவே மறைக்கவில்லை. இரண்டிலும் வாசம் வரும்படி செய்துவிட்டேன்.

இரண்டு பாட்டிலில் பருப்புப் பொடி அனுப்புகிறேன். இரண்டுக்கும் ஒரே அளவு பூண்டை ஒரே நல்லெண்ணெயில் பொன்னிறமாக வறுத்தேன். ஒன்றில் எண்ணெயை மட்டும் பொடியில் கலந்து பூண்டை எடுத்து நாங்கள் தின்றுவிட்டோம். மற்றதில் பூண்டையும் சேர்த்து மையாக அரைத்திருக்கிறேன். நிறத்திலும் வாசத்திலும் என் தம்பி பெண்டாட்டியாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்றின் கழுத்தில் நீல நூல், இன்னொன்றில் சிவப்பு நூல். எதில் எது என்று ஒரு தாளில் எழுதி உறையில் வைத்துக் கஞ்சிப் பசையால் ஒட்டி, மடிப்பின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை டாக்டர் கஸ்பாரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பிரிக்கக் கூடாது.

எதில் முதலில் ஆரம்பிப்பது என்று நீங்களே காசு சுண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் நாலு நாள். சோற்றில் நாலு கரண்டி பிசைந்து சாப்பிடுங்கள். தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள், வீரம் காட்ட வேண்டாம். நடுவில் நாலு நாள் கஞ்சி. ஈரக்கை படாமல் எடுங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

தோட்டத்து லாரி டிரைவர் வேலுச்சாமி வியாழக்கிழமை பெருமாள்மலைக்கு வருகிறார். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கும் பழக்கடையில் கொடுத்து வைப்பார்.

சூசையம்மாள்


நாயுடுபுரம்.
2.11.79

அக்கா,

பெருமாள்மலைக்குப் போய் வாங்கிவந்துவிட்டேன். இரண்டும் உடையாமல் வந்தன. உறையை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் சிரித்தார், ஆனால் வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். தலை விழுந்தால் நீலம் என்று சொல்லிச் சுண்டினேன். நீலம். நாளை ஆரம்பிக்கிறேன். இரண்டு பாட்டிலையும் மோந்து பார்த்தாலே வயிறு பயப்படுகிறது.

இசபெல்லா


நாயுடுபுரம்,
கொடைக்கானல்.
25.11.1979

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். இத்துடன் இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். அதை முதலில் எடுத்துப் பார்க்காமல் இதை வரிசையாகப் படியுங்கள்.

நீல நூல் பாட்டிலைத் திறந்த முதல் நாள் எனக்குச் சாப்பிடவே கை வரவில்லை. வாசம் தூக்கலாக இருந்தது. இதில்தான் பூண்டு என்று முடிவே செய்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நாலு நாளும் ஒன்றும் வரவில்லை. சரி, மனசுதான் போலிருக்கிறது, டாக்டர் சொன்னது சரி, திண்டுக்கல்லுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கஞ்சி நாட்கள் முடிந்து சிவப்பு நூல் பாட்டிலைத் திறந்தபோது எனக்குப் பயமே இல்லை. இரண்டும் ஒரே வாசம்தானே என்று தாராளமாகப் பிசைந்து சாப்பிட்டேன். மாலை ஐந்து மணிக்கு வயிறு உப்பியது. மறுநாள் சாப்பிட்டு நாலு மணி நேரத்தில் சுருண்டு படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் நீங்கள் சொன்னபடி நிறுத்திவிட்டேன்.

டாக்டரிடம் போனேன். “எந்த பாட்டில்?” என்று கேட்டார். சிவப்பு என்றேன். உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு கத்தியால் கிழித்தார். படித்தார். தாளை என் பக்கம் திருப்பினார். ‘நீலம் எண்ணெய் மட்டும். சிவப்பு பூண்டும் சேர்த்து. சூசையம்மாள்.’

“இதை யார் சொல்லிக் கொடுத்தா இந்தம்மாவுக்கு?” என்று கேட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரே யோசித்தது என்றேன். ஒரு முறை தற்செயலாக நடந்திருக்கலாம், இன்னும் ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்றார். நான் உடனே சம்மதிக்கவில்லை, அந்த வலி எனக்குத்தானே வரும். ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அவர் வீட்டிலேயே சமையற்காரரிடம் சொல்லி நீங்கள் எழுதிய முறைப்படி இரண்டு கிண்ணங்கள் செய்தார்கள். அதிலும் நான் சரியாகச் சொன்னேன். அதற்குப் பிறகு டாக்டர் என்னிடம், “நரம்புன்னு சொன்னது என் தப்பு டீச்சர்” என்று நேராகச் சொன்னார். பூண்டையும் வெங்காயத்தையும் அளவோடு வைத்துக்கொள்ளச் சொன்னார். வெங்காயம் பச்சையாக நிறையச் சாப்பிட்டால் எனக்கு லேசாகத் தொந்தரவு செய்கிறது, அதையும் கண்டுபிடித்துவிட்டோம். தலைமையாசிரியைக்கு அவரே கடிதம் கொடுத்தார். என் மாற்றல் நின்றுவிட்டது.

அடுத்ததாக அடைக்கலமேரி சிஸ்டரிடம் போனேன். புகாரை வாபஸ் வாங்க வேண்டும், விடுதியில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றேன். “முடிஞ்சது முடிஞ்சதாவே இருக்கட்டுமே டீச்சர், பிள்ளைங்க முன்னாடி எதுக்கு?” என்றார். பிள்ளைகள் முன்னால்தான் சூசையம்மாவிடமிருந்து சாவியை வாங்கினீர்கள் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. சாயங்காலம் ஆள் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேசலாம் என்று சொல்லிவிட்டார்.

இன்று மத்தியானம் பேசினேன். “சூசையம்மா சமையல்ல அழுக்கு இருந்துச்சுன்னு மார்ச் மாசம் எழுதிக் கொடுத்தது நான். அப்படி எதையும் நான் பாக்கலை. என் வயித்துக்குப் பூண்டு ஆகலை, அது எனக்குத் தெரியலை. தெரியாததுக்குப் பழியை அவங்க மேல போட்டுட்டேன். அது பொய்” என்றேன். தப்பு என்றுதான் சொல்ல நினைத்திருந்தேன். வாயில் பொய் என்று வந்துவிட்டது. வந்ததே சரி என்று விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பழனிமுத்துவின் மகள் வீரம்மாள் மட்டும் எழுந்து, “அப்ப அவங்க எப்ப வருவாங்க டீச்சர்?” என்று கேட்டாள். சமையலறை வாசலில் சிவபாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரர் இல்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி சிஸ்டர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு வீரம்மாள் பக்கம் திரும்பினேன். நாங்கள் கேட்டுச் சொல்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

இத்துடன் இருக்கும் தாள் பள்ளி முத்திரையோடு தலைமையாசிரியை கொடுத்தது. பதினோரு வருஷமும் உங்கள் சமையலும் சுத்தமும் குறையில்லாதவை, புகார் தவறானது, அது திரும்பப் பெறப்பட்டது என்று இருக்கிறது. இதன் நகல் உங்கள் பெயரில் இருந்த பழைய காகிதத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. சூப்பிரண்டிடம் காட்டுங்கள்.

உங்கள் வேலையைத் திரும்பக் கொடுக்க நிர்வாகம் சம்மதிக்கிறது. சிவபாக்கியத்தை என்ன செய்வது என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. முடிவு உங்களுடையது. நீங்கள் என்ன சொன்னாலும் அதற்காக நான் நிற்கிறேன்.

இசபெல்லா


பாச்சலூர்.
6.12.79

அன்புள்ள இசபெல்லா டீச்சருக்கு,

நீங்கள் சொன்னபடி வரிசையாகத்தான் படித்தேன். தாளைப் பிறகுதான் எடுத்தேன். முத்திரையைத் தடவிப் பார்த்தேன். தம்பி பெண்டாட்டி இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினாள். மூன்றாவது தடவை நானே படித்தேன்.

மறுநாள் வெள்ளனே சூப்பிரண்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “இதை முன்னாடியே காட்டிருக்கலாமேம்மா” என்றார். முன்னாடி இல்லை, இப்போதுதான் வந்தது என்றேன். திங்கட்கிழமையிலிருந்து பெரிய பானை என் கையில். காப்பிப் பழம் நல்ல சிவப்பாக இருக்கிறது, தொண்ணூறு பேர் வருகிறார்கள். முதல் நாள் சாம்பாரும் பூசணிக்கூட்டும் வைத்தேன். பானையில் சுரண்ட ஒன்றும் மிஞ்சவில்லை. காய் நறுக்கப் பக்கத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். முருங்கைக்காயை ஒரே அளவில் நறுக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

விடுதிக்கு நான் வரவில்லை. கோபத்தால் என்று நினைக்காதீர்கள். சிவபாக்கியத்தை அடுப்படியிலிருந்து எழுப்பிவிட்டு நான் போய் உட்கார மாட்டேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று சிஸ்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் என்பதால் கொடுப்பார்கள். வீரம்மாளிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அவள் அப்பா பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிடாதீர்கள். அந்தப் பூண்டு அறுபது பேருக்கு ஆகும், உங்கள் ஒருவருக்குத்தான் ஆகவில்லை. பிள்ளைகளுக்கு வழக்கம்போல் போடட்டும். நீங்கள் மறுபடி விடுதியில் சாப்பிடும்போது உங்களுக்குத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னால் சிவபாக்கியம் செய்வாள். எண்ணெயில் வறுத்துப் பூண்டை எடுத்துவிடும் முறையை அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள், வாசம் வேண்டும் என்றால் உங்களுக்கு அது போதும்.

பொய் என்று நீங்கள் சொன்னதை எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

டம்ளர் விஷயத்தில் நான் உங்களுக்கு எப்படி ஈடு செய்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நேரில் வந்து சொல்ல வேண்டியதை நேரில்தான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை எங்களுக்குச் சம்பள லீவு. முதல் பஸ்ஸில் ஏறி, பெருமாள்மலையில் மாறி, பன்னிரண்டு மணிக்குள் நாயுடுபுரம் வந்துவிடுவேன். அன்றைக்கு உங்கள் ஸ்டவ்வில் நான் கை வைக்க மாட்டேன். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் எல்லாருக்கும் பொங்கிப் போட்டிருக்கிறேன், எனக்கென்று ஒருவர் பொங்கி வைத்து நான் உட்கார்ந்து சாப்பிட்டது ரொம்ப அபூர்வம். நீங்கள் சமையுங்கள். கஞ்சியாக இருந்தாலும் சரி, கருகியிருந்தாலும் சரி.

என்ன போட்டீர்கள் என்று கேட்க மாட்டேன். இலையில் வைத்ததைச் சாப்பிடுவேன்.

உங்கள்,
சூசையம்மா